கோடை முடியும் நேரத்தில் தோட்டத்தில் என்னென்ன வேலைகள் செய்ய வேண்டும்?

கேட்டவரின் நிலையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. வெயில் தாழ்ந்திருக்கிறது, செடிகள் சோர்ந்து நிற்கின்றன, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று ஒரு கையில் உரப்பையும் மறு கையில் கத்தரிக்கோலுமாக நிற்கிறீர்கள். இரண்டையும் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். நான் வைக்கவில்லை, அதனால் என் அக்காவின் ரோஜா செத்தது.

அக்கா இரண்டு மாதம் வெளியூர் போனபோது ஒன்பது தொட்டிகள் என் பொறுப்புக்கு வந்தன. அவற்றில் ஒன்று ஏழு வயது ரோஜா. தினமும் காலையில் அடித்துளை வழியாக நீர் வடியும்வரை ஊற்றினேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. இதை யாரும் நம்புவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அப்படியும் இலைகள் பழுத்து உதிர்ந்தன. பசியாக இருக்கும் என்று ஒரு கைப்பிடி யூரியா போட்டேன். அதற்கும் மசியாததால் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்தேன், அதாவது கிளைகளை வெட்டிக் குறைத்தேன். பத்தே நாளில் தண்டு கறுத்துவிட்டது.

ஆத்திரத்தில் தொட்டியைக் கவிழ்த்தேன். மண் அச்சுவெல்லம் போல முழுதாக வந்து விழுந்தது. வெளிப்புறம் ஈரமாகக் கறுத்திருந்தது. கட்டைவிரலால் நடுவில் பிளந்தால் உள்ளே வெளிறிய தூள், ஊதினால் பறக்கிறது. தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த தொட்டிமண் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை எளிதில் உள்ளே வாங்காது. சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். நான் ஊற்றியதெல்லாம் அந்த இடுக்கு வழியாகவே இறங்கி ஓடியிருக்கிறது. வேரைச் சுற்றி இருந்த கொஞ்சநஞ்ச ஈரத்திலும் யூரியா கரைந்து உப்புச் செறிவு ஏற, வேரில் இருந்த நீரும் வெளியே இழுக்கப்பட்டிருக்கும். மிச்சத்தைக் கத்தரிக்கோல் முடித்துவைத்தது.

ஆகவே முதல் வேலை, தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. நீர் ஊற்றிய பிறகும் இலேசாக இருந்தால், நீர் நிரப்பிய அகலமான பாத்திரத்தில் தொட்டியோடு வையுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை, பொதுவாக அரை மணி நேரம், ஊறட்டும். அதன்பின் தினமும் முதலில் சிறிது ஊற்றி, பத்து நிமிடம் கழித்து மீதியை ஊற்றினால் போதும். நடுப்பகலில் இலை தொங்குவதைக் கண்டு பதறாதீர்கள். காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

‘நான் கோடையில்தான் கவாத்து செய்கிறேன், செழிப்பாக வருகிறதே’ என்று ஒருவர் கிளம்புவார். தரையில் ஆழ வேரோடிய செடியாக இருக்கும், வாழ்த்துகள். நான் பேசுவது வாடிய தொட்டிச் செடியைப் பற்றி. காய்ந்த குச்சி, வாடிய பூ ஆகியவற்றை எப்போதும் நீக்கலாம். பெரிய கவாத்து, வெப்பம் தணிந்து புதுத் துளிர் தெரியும்வரை காத்திருக்கட்டும்.

மற்றவை சிறு வேலைகள். காய்ந்த இலைகளை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கனத்துக்கு மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். வெள்ளைத் தாளின் மேல் ஓர் இலையைத் தட்டிப் பாருங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அது சிலந்திப்பேன். வறண்ட வெப்பத்தில் அது வேகமாகப் பெருகும். இலையின் அடிப்பக்கத்தில் சில நாள் விடாமல் நீரைப் பீய்ச்சினாலே பெருமளவு குறையும். தக்காளிப் பூ உதிர்ந்தால் மருந்து தேடி அலையாதீர்கள். பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸை ஒட்டியும் இரவும் தணியாமலும் இருந்தால் மகரந்தம் கெட்டுவிடும். வெப்பம் குறைந்தால் தானே காய் பிடிக்கும். காயின் அடி கறுத்தால் பெரும்பாலும் ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று ஊற்றியதுதான் காரணம். அப்போது மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் காய்க்குப் போய்ச் சேராது. அடுத்த பருவத்துக்கான கத்தரி, மிளகாய் விதைகளை இப்போதே அரைநிழலில் விதைத்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் நாற்று தயார்.

நாற்று என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நாற்று கேட்டு வருபவர்கள் தொட்டியோடு வாங்கிப் போகிறார்கள், தொட்டி மட்டும் திரும்பி வருவதேயில்லை. கேட்டால் நம்மைக் கஞ்சன் போலப் பார்க்கிறார்கள். இதுவரை பதினொரு தொட்டிகள் போய்விட்டன. ஒருவர் வீட்டில் என் தொட்டியில் குடைகளைச் செருகி வைத்திருக்கிறார்.

அக்காவின் ரோஜாத் தொட்டி இன்னும் என்னிடம் இருப்பது வேறு விஷயம். அதில் இப்போது கத்தரி நாற்று நிற்கிறது.