சின்ன வயசுல பார்த்தது ஏன் இன்னும் துரத்துது? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கேள்வி: மேடம், எட்டு வயசுல ஒரு பேய்ப்படம் பார்த்தேன், இப்ப 32 ஆகுது, இன்னும் ராத்திரி கண்ணாடி பக்கம் திரும்ப மாட்டேன். எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: அட, உங்க கட்சியில நெறைய பேர் இருக்காங்க. 1999ல அமெரிக்காவுல ஹாரிசன், கேன்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்ககிட்ட இதைத்தான் கேட்டாங்க, 100க்கு 90 பேர் ஏதோ ஒண்ணைப் பார்த்து அரண்டுபோன கதை சொன்னாங்க, நாலுல ஒருத்தருக்கு அந்தப் பயம் அப்பவும் மிச்சம் இருந்துச்சு. மூளையில பயத்தைப் புடிச்சு வச்சுக்கிற அமிக்டலாவுக்கு "அது வெறும் படம்"ங்கிற நியாயமெல்லாம் லேசுல ஏறாது, அதனால வாதம் பண்ணாம பழக்குங்க, முதல்ல லைட் போட்டுட்டு ஒரு நிமிஷம் கண்ணாடி பாருங்க, பதற்றம் தணியற வரை நில்லுங்க, அப்புறம் கொஞ்சம் மங்கலான வெளிச்சத்துல.

கேள்வி: பையனுக்கு நாலு வயசு. மேக்கப்புதான்டானு எவ்வளவு சொல்லியும் அழுறான்.

பதில்: அந்த வயசுக்கு உருவம்தான் எல்லாம். நல்லவன் பச்சை ராட்சசனா மாறி ஜனங்களைக் காப்பாத்துற ஹல்க் சீரியலை ஒரு ஆராய்ச்சியில போட்டுக் காட்டினப்பகூட குட்டிப் பசங்க அவன் மாறுற இடத்துலதான் மிரண்டாங்க, காப்பாத்த வர்றான்னு அவங்களுக்குப் புரியல. விளக்கம் வேண்டாம், மடியில உக்கார வச்சுக்கோங்க. விளக்கம் எடுபடறது எட்டு ஒன்பதுக்கு மேலதான், ஆனா அப்ப நிஜமா நடக்கக்கூடியதைப் பார்த்துப் பயப்பட ஆரம்பிச்சிடுவாங்க.

கேள்வி: 11 வயசுப் பொண்ணு போன்ல நிஜ விபத்து வீடியோ பார்த்துட்டா, ரெண்டு மாசமா தனியா தூங்கல. பிடிஎஸ்டியா சார், அதான் பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநலப் பிரச்சனை?

பதில்: சார் இல்ல, மேடம் 🙂 மனநோய்களை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு டாக்டருங்க பார்க்கிற அமெரிக்கக் கையேடு டிஎஸ்எம்-5, 2013ல வந்தது, அதுப்படி ஸ்கிரீன்ல பார்த்ததுக்கு மட்டும் அந்தப் பேர் வைக்கிறதில்ல, வேலைக்காக அதையே பார்க்கிறவங்க கணக்கு வேற. பேர் கிடக்கட்டும், ரெண்டு மாசம் தூக்கம் கெட்டிருக்குன்னா குழந்தைங்க மனநல டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ஆனா "ஏன்டி பார்த்தே"னு போனைப் பிடுங்கிடாதீங்க, அடுத்த தடவை உங்ககிட்ட மூச்சு விட மாட்டா, நான் பார்த்த வரைக்கும் வருஷக்கணக்கா இழுக்கிறது பெரும்பாலும் திட்டு விழும்னு யார்கிட்டயும் சொல்லாம வச்சுக்கிட்டதுதான்.

கேள்வி: சண்டைப்படமா பார்த்தா பெரியவனானதும் ரவுடி ஆயிடுவானா?

பதில்: அதை மட்டும் வச்சு ஆக மாட்டான். சின்ன வயசுல டிவில என்ன பார்த்தாங்கன்னு கேட்டு வச்சிருந்த சிகாகோ பக்கத்துப் பசங்களை ஆராய்ச்சியாளர்கள் 15 வருஷம் கழிச்சுத் தேடிப் பார்த்து 2003ல எழுதினாங்க, நெறைய வன்முறை பார்த்தவங்ககிட்ட முரட்டுத்தனம் கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு. ஆனா வீட்டுல அடி விழுதான்னுதான் நான் முதல்ல கேப்பேன்.