ஐசிடி ஷாக் அடித்தால் ஆயுள் குறையுமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. இதயம் பலவீனமாக இருப்பதால் இரண்டு வருடத்துக்கு முன் ஐசிடி (ஆபத்தான இதயத் துடிப்பைக் கண்டால் மின் அதிர்ச்சி, அதாவது ஷாக், கொடுத்துச் சரிசெய்யும் கருவி) பொருத்தினார்கள். போன வாரம் முதல் தடவையாக ஷாக் அடித்தது. ஷாக் வாங்கியவர்கள் சீக்கிரம் இறந்துபோவார்கள் என்று எங்கோ படித்துவிட்டுத் தூங்காமல் கிடக்கிறார். கருவியை அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அப்பா படித்தது பொய்யில்லை, பாதிதான் படித்திருக்கிறார்.

2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஐசிடி பொருத்திய 811 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் 269 பேருக்கு ஒரு முறையாவது ஷாக் விழுந்தது. ஆபத்தான துடிப்புக்காக ஷாக் வாங்கியவர்களுக்கு, வாங்காதவர்களைவிட இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். பயமுறுத்தும் கணக்குதான். ஆனால் அவர்களில் அதிகம் பேரின் உயிரைப் பறித்தது முற்றிக்கொண்டே போன இதயச் செயலிழப்பு. இதயம் தளரத் தளரத்தான் துடிப்பும் தறிகெடுகிறது, கருவியும் ஷாக் கொடுக்கிறது. இதே நோயாளிகள் பங்கேற்ற மூல ஆய்வில் ஐசிடி இறப்பை 23 சதவீதம் குறைத்தது. கருவி இல்லாதிருந்தால் அந்த ஷாக்குக்குக் காரணமான துடிப்பே அன்று அப்பாவின் உயிரைப் பறித்திருக்கலாம்.

தேவையில்லாத ஷாக் வேறு விஷயம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) துடிப்பு வேகமெடுத்தாலோ, கருவியை இதயத்தோடு இணைக்கும் லீட் ஒயர் பழுதானாலோ கருவி ஏமாந்துவிடும். அப்படி ஷாக் வாங்கியவர்களிடமும் இறப்பு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. இங்கே நம்மால் செய்ய முடிந்தது நிறைய. இன்னொரு ஆய்வில், நிமிடத்துக்கு 200 துடிப்பைத் தாண்டினால் மட்டும், அல்லது சற்றுக் காத்திருந்து, சிகிச்சை தரும்படி கருவியின் செட்டிங்கை மாற்றிப் பார்த்தார்கள். 2012-ல் வந்த முடிவில் தேவையற்ற சிகிச்சையோடு இறப்பும் குறைந்திருந்தது.

அதனால் இந்த வாரமே கருவியைச் செக் செய்யுங்கள். ஷாக் அடித்த நொடியின் துடிப்புப் பதிவு அதற்குள் இருக்கும். "எதற்காக அடித்தது?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். ஆபத்தான துடிப்பு என்றால் பொட்டாசியம் அளவு, மாத்திரைகள், புது அடைப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சிலருக்கு அப்லேஷன் (தவறான துடிப்பைக் கிளப்பும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) தேவைப்படும்.

இனி ஒரு ஷாக் அடித்து, அப்பா தெளிவாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ, ஒரே நாளில் இரண்டாவது ஷாக் அடித்தாலோ உடனே ஆம்புலன்ஸ்தான். தூக்கமின்மையையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. ஷாக் அடிக்கும்போது அவரைப் பிடித்துக்கொள்ளப் பயப்பட வேண்டாம். உங்கள் கையில் லேசாகச் சுரீரென்று படலாம், ஆபத்தில்லை.