ஆர்மி ஆஃப் டார்க்னஸ்: உங்கள் பிரதியில் தப்பில்லை

உங்களிடம் உள்ள படப் பிரதியில் முடிவு தப்பாக இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். படத்தின் கடைசியில் நாயகன் ஆஷ் பாழடைந்த உலகத்தில் கண்விழித்து அலறுகிறான் என்கிறீர்கள். நண்பரோ, கடைக்குள் பேயைச் சுட்டுத் தள்ளுகிறான் என்கிறார். இரண்டுமே உண்டு.

இயக்குநர் சாம் ரைமி முதலில் எடுத்தது நீங்கள் பார்த்ததைத்தான். பழங்காலத்தில் மாட்டிக்கொண்ட ஆஷ், தன் காலம் வரும்வரை தூங்குவதற்கான மருந்தைக் குகைக்குள் சொட்டுச் சொட்டாக எண்ணிக் குடிக்கும்போது கவனம் சிதறி, ஒரு சொட்டு கூடிவிடும். அவ்வளவுதான், தூக்கம் எல்லை மீறிவிடுகிறது. மூன்றே மூன்று மந்திரச் சொற்களை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல், கடைசிச் சொல்லை இருமி மழுப்பியவன் அல்லவா? அவனுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது என்பது என் கட்சி.

ஆனால் படத்தை வெளியிட்ட யுனிவர்சல் நிறுவனத்துக்கு அது ரொம்பச் சோகமாகப் பட்டது. அதனால் கடைச் சண்டையைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். 1993இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 81 நிமிடப் பதிப்பு அதுதான். இயக்குநர் பதிப்பு 96 நிமிடம். அடுத்த முறை ஓடும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம், நண்பர் சொன்ன முடிவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடைக்குள்ளேயே பேயோடு மல்லுக்கட்டிச் சுட்டுத் தள்ளுவான். சுத்த அபத்தம், ஆனால் சிரிக்காமல் இருக்க முடியாது.