ஏலத்தோட்டத்தில் வந்த வால் மழுங்கிய பாம்பு

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் எங்கள் ஏலத்தோட்டம். தூருக்கு மண் அணைக்கும்போது ஒன்றரைச் சாண் நீளத்தில், கறுத்து மினுமினுப்பாக ஒரு பாம்பு வந்தது. வால் வெட்டுப்பட்டதுபோல் இருந்தது. இருதலை மணியன், லட்சக்கணக்கில் விலை போகும் என்கிறார் வேலைக்கு வந்தவர். அடித்துப்போடச் சொல்கிறார் மாமியார். மண்ணுக்குள் கிடந்துதான் அதற்குக் கால் போயிற்றா என்று மகள் கேட்கிறாள்.

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கேடயவால் பாம்பு. விஷம் கிடையாது, மண்புழுதான் அதன் சாப்பாடு. இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இந்தக் குடும்பம் இல்லை.

அந்த வாலை யாரும் வெட்டவில்லை. சொரசொரப்பான அதன் நுனியில் மண் அப்பிக்கொள்ளும். பாம்பு உள்ளே போகப் போக வளைக்கு அதுவே அடைப்பு. நகர்வது இன்னும் அழகு. தோலுக்குள்ளேயே முதுகெலும்பை மடக்கும். உடம்பின் முன்பகுதி பருத்து வளைச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். அந்தப் பிடிமானத்தில் கூம்புத் தலை மண்ணைத் துளைத்து முன்னேறும்.

இருதலை மணியன் வேறு. அது மலையிறங்கிய பிறகு வரும் காய்ந்த நிலத்துப் பாம்பு. விலை பேசுவதெல்லாம் மோசடி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

சரி, மகளின் கேள்விக்கு வருவோம். ‘பாம்பின் கால் பாம்பறியும்’ என்கிறோமே, கால் உண்மையாகவே இருந்தது. மலைப்பாம்புக்கும் இருதலை மணியனுக்கும் கழிவுத்துளையின் இருபுறமும் சின்ன முள் உண்டு. பின்னங்காலின் மிச்சம் அது. மலைப்பாம்பின் கருவில் கால் முளைவிடத் தொடங்கி நின்றுவிடுகிறது. கால் வளர்க்கும் மரபணு அப்படியே இருக்கிறது, அதை முடுக்கிவிடும் பகுதிதான் சிதைந்துவிட்டது என்று 2016-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அர்ஜென்டினாவில் கிடைத்து 2006-ல் அறிவிக்கப்பட்ட நஜாஷ் என்ற புதைபடிவத்துக்கு வயது ஏறக்குறைய 9.5 கோடி ஆண்டு. அந்தப் பாம்புக்குப் பின்னங்கால்கள் உண்டு; இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேர்ந்தே இருந்தது. அது தரையில் வாழ்ந்த உயிர். ஆனால் ஏறத்தாழ அதே காலத்துக் கடல் பாம்புகள், பின்னங்காலோடு, இஸ்ரேல், லெபனான் பக்கம் பாறைகளில் கிடைத்திருக்கின்றன. அதனால் கால் போனது மண்ணிலா நீரிலா என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது. நான் மண் பக்கம்தான் சாய்கிறேன். டினிலிசியா என்ற இன்னொரு அர்ஜென்டினாப் புதைபடிவப் பாம்பின் உள்காதை 2015-ல் ஸ்கேன் செய்து பார்த்தபோது, இன்று மண்ணுக்குள் வாழும் பாம்புகளின் காதை ஒத்திருந்தது.

எதுவானாலும், உங்கள் தோட்டத்துப் பாம்பு கால் இழந்தது இந்த மலை மண்ணில் அல்ல. அதன் முன்னோர் கால் இல்லாமலே இங்கே வந்தவர்கள். இந்த மண் கொடுத்தது அந்த வாலைத்தான். மகளிடம் அப்படியே சொல்லுங்கள்.

அடுத்த முறை வந்தால் கையால் எடுக்க வேண்டாம். ஏலக்காட்டில் விஷமுள்ள குழிவிரியனும் இருக்கும், ஆள் மாறிவிடக் கூடாது. மண்வெட்டியில் மண்ணோடு அள்ளி, நிழலான இடத்தில் சருகுக்கடியில் விடுங்கள். வெயிலில் போட்டால் செத்துவிடும். விலை பேசி யாராவது வந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.