நான்காம் பாசேஜில் நூலாக நீளும் குருத்தெலும்பு செல்கள்

செல்களைக் கொட்டிவிடாதீர்கள், அதே தட்டில் இன்னொரு முறை பிரித்துப் போடவும் வேண்டாம். மனித முழங்கால் குருத்தெலும்பு செல்கள் நான்காம் பாசேஜில் (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டில் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு பாசேஜ்) நூல் போல் நீள்கின்றன, குருத்தெலும்புக் கூழை நீலமாகக் காட்டும் ஆல்சியன் புளூ சாயமும் பிடிக்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: செல்கள் தம் குணத்தை இழந்துவிட்டன.

உடம்பில் இவை உருண்டையாக, தாமே சுரந்த கூழுக்குள் வாழ்பவை. பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பரந்ததும் குருத்தெலும்புக்கு உரிய டைப் 2 கொலாஜன் புரதத்தைக் குறைத்து டைப் 1-ஐச் சுரக்கத் தொடங்கும். பாசேஜ் ஏற ஏற இது கூடும். இரண்டாம் பாசேஜைத் தாண்டிய செல்லை மூட்டு ஆய்வுக்கு நான் நம்புவதே இல்லை.

சோதித்துப் பாருங்கள். இரண்டரை லட்சம் செல்களைக் கூம்புக் குழாயில் மெதுவாகச் சுழற்றி உருண்டையாக்குங்கள். மீடியத்தில் (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) டிஜிஎஃப்-பீட்டா 3 என்ற வளர்ச்சிக் காரணி மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம், கூடவே அஸ்கார்பிக் அமிலம், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வாரம் இரண்டு மூன்று முறை மீடியம் மாற்றி 21 நாள் வைத்துப் பிறகு சாயமேற்றுங்கள். உறைய வைத்த முதல் பாசேஜ் குப்பி ஒன்றையும் பக்கத்திலேயே இப்படிச் செய்யுங்கள். ஒப்பிட ஆள் இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவுக்கான சோதனையையும் விட்டுவிடாதீர்கள், அந்தத் தொற்று மீடியத்தைக் கலங்கவே வைக்காது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

உருண்டையில் குணம் திரும்பினாலும் முழுதாகத் திரும்பாது. வயதானவரின் திசு என்றால் இன்னும் குறைவாகவே எதிர்பாருங்கள்.

உறைந்த செல்கள் உள்ள புதுக் குப்பி வாங்கினால், பெங்களூரிலிருந்து ஓசூர் பக்கம்தானே என்று சாதாரண ஐஸில் எடுத்து வராதீர்கள். வழியிலேயே உருகி, உறைய வைக்கும்போது சேர்த்த டிஎம்எஸ்ஓ திரவம் செல்களைக் கொன்றுவிடும். உலர்பனி (உறைந்த கார்பன் டைஆக்சைடு) கட்டாயம்.