முதல் முறையாக ரிலே சோதனைக்குத் தனியாகப் போகிறேன், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கேட்டவர் டிப்ளமோ முடித்து ஒரு சோதனை நிறுவனத்தில் ஒன்றரை வருடம் உதவியாளராக இருந்திருக்கிறார். வரும் ஞாயிறு ஒரு நூற்பாலையில் 11 கே.வி. பேனலில் இருக்கும் பழைய ரிலேயை (ஃபால்ட் வந்தால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) கழற்றிவிட்டுப் புது நியூமரிக்கல் (டிஜிட்டல்) ரிலே மாட்டி, சோதித்து, அன்று மாலையே மின்சாரம் கொடுக்க வேண்டும். கூட ஒரு ஹெல்பர் மட்டும். அவருக்கான பதில் இது.

நான் 18 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இன்ஜெக்‌ஷன் கிட்டை (ரிலேக்குச் சோதனைக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) எப்படி ஓட்டுவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது, சோதனைக்காக நீங்கள் எதையெல்லாம் கழற்றினீர்களோ, எதையெல்லாம் ஷார்ட் செய்தீர்களோ, எந்த செட்டிங்கையெல்லாம் மாற்றினீர்களோ அதையெல்லாம் அந்த நிமிடமே ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், ஞாபகத்தை நம்பி வேண்டாம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. வேலைக்கு வந்து நான்காவது வருடம், திண்டுக்கல் பக்கம் ஒரு மில். மூன்று பேனல், காலையில் ஆரம்பித்து இரவு எட்டு மணி ஆகிவிட்டது, வெளியே மழை, ஷிப்ட் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், மேனேஜர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து கரண்ட் எப்போது வரும் என்று கேட்கிறார். கடைசி பேனலில் சி.டி. (லைனின் பெரிய கரண்ட்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) டெர்மினலில் போட்டிருந்த ஷார்ட்டிங் லிங்க்கை எடுக்காமல் கதவைச் சாத்திவிட்டேன். ரிப்போர்ட்டில் எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டேன், ஏனென்றால் ரிலே உண்மையிலேயே சரியாகத்தான் வேலை செய்தது. ஐந்து வாரம் கழித்து அந்த ஃபீடரின் கேபிள் டெர்மினேஷன் வெடித்தது. சி.டி.யிலிருந்து வந்த கரண்ட் ஷார்ட் வழியாகவே சுற்றிக்கொண்டு போனது, ரிலேக்கு ஒன்றுமே தெரியவில்லை, மில்லின் பிரேக்கர் அசையவில்லை. கடைசியில் துணைமின் நிலையத்தில் இருந்த ஃபீடர் பிரேக்கர்தான் விழுந்தது (டிரிப் ஆகித் திறந்தது), அதற்குள் கேபிள் பாக்ஸ் முழுக்கக் கரிந்துவிட்டது. அந்த நேரம் அங்கே யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் எனக்கு வரும். மறுநாள் போய்க் கதவைத் திறந்து அந்த லிங்க்கைப் பார்த்தது நான்தான்.

சரி, உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

லைன் கிளியர் (சப்ளை நிறுத்தப்பட்டது என்ற எழுத்துப்பூர்வ அனுமதி) வாங்காமல் பேனல் கதவைத் திறக்காதீர்கள். மில் எலெக்ட்ரீஷியன் "ஆஃப் பண்ணியாச்சு சார்" என்று சொல்வதை வைத்து எதையும் தொடக் கூடாது, எழுத்தில் வாங்க வேண்டும், எந்த பிரேக்கர், எந்த ஏ.பி. சுவிட்ச் (கம்பத்தில் இருக்கும் ஏர் பிரேக் சுவிட்ச்) திறந்திருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிரேக்கரை ரேக் அவுட் செய்து (இணைப்பிலிருந்து வெளியே இழுத்து), 11 கே.வி.க்கு உரிய டிடெக்டரால் மூன்று பேஸிலும் பார்த்து, டிஸ்சார்ஜ் ராடு போட்டு, அப்புறம் எர்த் செய்யுங்கள். டிடெக்டர் வேலை செய்கிறதா என்று முன்பும் பின்பும் அதன் டெஸ்ட் பட்டனில் பார்த்துக்கொள்ளுங்கள். நூற்பாலைகளில் இன்னொரு விஷயம், ஈ.பி. சப்ளை போனதும் யாராவது ஜெனரேட்டரை ஓட்டிவிடுவார்கள். எல்.டி. (குறைந்த வோல்டேஜ்) பக்கம் திறக்காமல் இருந்தால் டிரான்ஸ்பார்மர் வழியாக 433 வோல்ட் திரும்பி ஏறி உங்கள் பேனலில் 11,000 வோல்ட்டாக வந்து நிற்கும். அதனால் எல்.டி. பிரேக்கரையும் ரேக் அவுட் செய்து பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி இன்னொரு திரும்பி ஏறும் ஆபத்து உங்கள் கிட்டிலிருந்தே வரும். பி.டி. (11 கே.வி.யை 110 வோல்ட்டாகக் குறைத்து ரிலேக்குக் கொடுக்கும் பொட்டென்ஷியல் டிரான்ஸ்பார்மர்) செகண்டரியின் ஃபியூஸையோ எம்.சி.பி.யையோ எடுக்காமல் ரிலேக்கு 110 வோல்ட் கொடுத்தால், அந்த 110 வோல்ட் பி.டி.க்குள்ளும் போகும். பி.டி.யும் ஒரு டிரான்ஸ்பார்மர்தானே, நூறு மடங்காக்கி பஸ்பாரில் கொடுத்துவிடும். பேனலின் பின்பக்கம் யாராவது பஸ்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தால் முடிந்தது. எர்த் போட்டிருப்பது இதற்கும் சேர்த்துத்தான், ஆனால் அதை மட்டும் நம்பாமல் பி.டி. பக்கத்தைக் கையால் பிரித்துவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் வோல்டேஜ் கொடுக்க வேண்டும்.

சி.டி. இதற்கு நேர்மாறு. பி.டி. செகண்டரியை ஷார்ட் செய்யக் கூடாது, சி.டி. செகண்டரியைத் திறந்து விடக் கூடாது. எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஏன் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். பிரைமரியில் ஓடும் கரண்ட்டை லோடு தீர்மானிக்கிறது, சி.டி. இல்லை. செகண்டரியில் எதிர் கரண்ட் ஓடும்வரைதான் கோரில் ஃப்ளக்ஸ் அடங்கி இருக்கும். செகண்டரியைத் திறந்தால் பிரைமரி கரண்ட் முழுவதும் கோரைக் காந்தமாக்கும் வேலையில் இறங்கிவிடும், கோர் செறிந்துபோய் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் திறந்த முனையில் கிலோவோல்ட் கணக்கில் வோல்டேஜ் துள்ளும். ஆள் சாகலாம், சி.டி.யின் இன்சுலேஷன் உடைந்து தீப்பிடிக்கலாம். உங்கள் பேனல் ஆஃபில் இருப்பதால் ஞாயிறன்று இந்த ஆபத்து இல்லை என்று நினைப்பீர்கள். லோடு வந்த பிறகு ஒரு லூஸ் ஸ்க்ரூ இருந்தால் அதுவும் திறந்த சி.டி.தான். அதனால் சி.டி. வயரில் ரிங் லக் மட்டும் போடுங்கள், பின் லக் வேண்டாம், 2.5 சதுர மி.மீ. செம்புக்குக் குறையாமல் இருக்கட்டும், முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் பேனலில் வேலை செய்யும் நாளும் வரும், அன்றைக்கான வரிசை இது: முதலில் சி.டி. பக்கம் ஷார்ட், ரிலேயின் டிஸ்பிளேயில் கரண்ட் குறைந்ததா என்று பார்ப்பது, அப்புறம்தான் லிங்க்கைத் திறப்பது. திரும்பப் போடும்போது தலைகீழ், லிங்க்கை மூடிவிட்டுக் கடைசியில் ஷார்ட்டை எடுப்பது.

பழைய ரிலேயைக் கழற்றுவது பற்றி ஒரு வார்த்தை. பல்லாவரத்தில் செய்த அந்தப் பழைய சி.டி.ஜி. வகை டிஸ்க் ரிலேக்கள் நம் ஊர் மில்களில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை உறையிலிருந்து வெளியே இழுத்தால் உள்ளே இருக்கும் காண்டாக்ட் தானாகவே சி.டி.யை ஷார்ட் செய்துவிடும், அருமையான அமைப்பு. அதில் பழகிய கைகள் புது ரிலேயின் பின்பக்கப் பிளக்கையும் அப்படியே பிடுங்கிவிடும். நியூமரிக்கல் ரிலேக்களில் சில மாடலில்தான் தானாக ஷார்ட் ஆகும் டெர்மினல் உண்டு. மேனுவலில் பார்க்காமல் சி.டி. பிளக்கில் கை வைக்காதீர்கள்.

மாட்டும்போது ரிலேயின் ஆர்டர் கோடைப் படித்துப் பார்த்து அதற்கு என்ன ஆக்சிலரி சப்ளை, சி.டி. இன்புட் 1 ஆம்பியரா 5 ஆம்பியரா என்று உறுதி செய்யுங்கள். 24 வோல்ட் ரிலேக்கு 110 வோல்ட் டி.சி. கொடுத்துப் புது ரிலேயை நிமிடத்தில் எரித்தவர்களை எனக்குத் தெரியும். ஃபெரூல் (வயர் முனையில் மாட்டும் அடையாள வளையம்) எழுத்துகளைக் கவனியுங்கள், சி என்று தொடங்கினால் ஓவர்கரண்ட் சி.டி., டி என்றால் மீட்டரிங், ஈ என்றால் பி.டி., கே என்றால் குளோஸ், டிரிப் சர்க்யூட். மீட்டரிங் கோரில் ரிலேயைக் கொடுத்துவிட்டால் சாதாரண லோடில் எல்லாம் அழகாகக் காட்டும், ஃபால்ட் வரும்போது கோர் செறிந்து ரிலேக்குச் சரியான கரண்ட் போகாது. சி.டி. செகண்டரிக்கு எர்த் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். பேனலில் ஒன்று, சி.டி. பக்கத்தில் இன்னொன்று என்று இரண்டு இருந்தால் இடையில் தேவையில்லாத கரண்ட் ஓடி எர்த் ஃபால்ட் ரிலே காரணமில்லாமல் விழும். மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போடுவதற்கு முன் ரிலே பக்கத்தைப் பிரித்துவிடுங்கள், 500 வோல்ட் போதும்.

110 வோல்ட் டி.சி.யை யாரும் மதிப்பதில்லை. கை நடுங்க அடிக்கும், அதோடு ஸ்க்ரூடிரைவர் நழுவி பாசிட்டிவ் பாடியைத் தொட்டால் டி.சி. எர்த் வரும், ஏற்கனவே வேறு எங்கோ ஓர் எர்த் இருந்தால் சம்பந்தமே இல்லாத பிரேக்கர் விழலாம். ஸ்க்ரூடிரைவர் தண்டு முழுக்க டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

சோதனைக் கணக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். சி.டி. 200/1, பிக்கப் (ரிலே வேலை செய்யத் தொடங்கும் கரண்ட்) 0.8 ஆம்பியர், அதாவது பிரைமரியில் 160, ஸ்டாண்டர்டு இன்வர்ஸ் கர்வ் (கரண்ட் கூடக் கூட நேரம் குறையும்), டைம் மல்டிப்ளையர் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கான 1.6 ஆம்பியருக்கு 1.00 விநாடி, ஐந்து மடங்கான 4 ஆம்பியருக்கு 0.43, பத்து மடங்கான 8 ஆம்பியருக்கு 0.30 விநாடி வர வேண்டும். ஹைசெட் (பெரிய கரண்ட்டுக்கு உடனே டிரிப் செய்யும் செட்டிங்) 6.4 ஆம்பியரில் இருந்தால் 8 ஆம்பியர் கொடுத்ததும் அதுதான் முதலில் விழும், கர்வ் நேரம் கிடைக்காது. உடனே எல்லோரும் என்ன செய்வோம், ஹைசெட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்வோம். அதைத்தான் நோட்டில் எழுதச் சொல்கிறேன். சோதனைக்கு முன் ஒரு செட்டிங் ஃபைல், முடித்த பின் ஒன்று, இரண்டையும் லேப்டாப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் ஒன்றும் இருக்கக் கூடாது.

செட்டிங்கை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், மில் கேட்டாலும் சரி. ஒப்புதல் பெற்ற செட்டிங் தாள் இருக்க வேண்டும், ஈ.பி. ஃபீடர் ரிலேக்கு முன்னால் உங்கள் ரிலே விழும்படி இடைவெளி இருக்க வேண்டும், வழக்கமாக 0.3 விநாடி அளவு வைப்பார்கள். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டதே, இரண்டு நாளும் பினா – குவாலியர் 400 கே.வி. லைன் டிரிப் ஆனது அதில் முக்கியமான கட்டம். அந்த லைனில் ஃபால்ட் எதுவும் இல்லை. லோடு அதிகம், வோல்டேஜ் குறைவு, டிஸ்டன்ஸ் ரிலேயின் (வோல்டேஜையும் கரண்ட்டையும் வைத்து ஃபால்ட் எவ்வளவு தூரம் என்று கணிப்பது) தொலைவான ஃபால்ட்டைப் பார்க்கும் மூன்றாம் ஸோனுக்கு அது ஃபால்ட் மாதிரியே தெரிந்தது. ரிலே தனக்குக் கொடுத்த செட்டிங்படி சரியாகவே நடந்தது. (நம் தென்மாநிலத் தொகுப்பு அவர்களோடு ஒத்திசைவாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான், அதனால் இங்கே கரண்ட் இருந்தது.)

ரிலேயில் எல்.இ.டி. எரிந்தால் சோதனை முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். பிரேக்கரை டெஸ்ட் பொசிஷனில் வைத்து குளோஸ் செய்து, ரிலே வழியாக உண்மையிலேயே டிரிப் செய்து பாருங்கள், ஓவர்கரண்ட்டுக்கு ஒரு முறை, எர்த் ஃபால்ட்டுக்கு ஒரு முறை. டிரிப் காயில் கருகியிருக்கும், ஸ்பிரிங் இறுகியிருக்கும், பேட்டரி சார்ஜரில் எம்.சி.பி. விழுந்திருக்கும், இதெல்லாம் கிட் காட்டாது. சார்ஜரை ஆஃப் செய்துவிட்டு பேட்டரியில் மட்டும் ஒரு முறை டிரிப் செய்யுங்கள், பேட்டரி செத்துப்போயிருந்தால் அப்போதுதான் வெளியே வரும். பிற்பாடு 110 கே.வி. துணைமின் நிலையத்துக்குப் போனால், இன்ஜெக்‌ஷன் செய்யும் முன் பிரேக்கர் ஃபெயிலியர் பாதுகாப்புக்கும் (ஒரு பிரேக்கர் திறக்காவிட்டால் சுற்றியுள்ளவற்றைத் திறப்பது) பஸ்பாருக்கும் போகும் டிரிப் லிங்க்குகளைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் ஒரு ரிலே சோதனை பஸ்ஸையே கீழே தள்ளிவிடும். அந்த லிங்க்குகளும் நோட்டில் ஏற வேண்டும்.

மேனேஜர் வந்து அவசரப்படுத்துவார், அது அவர் வேலை. மாலை ஐந்துக்கு முடியும் என்று தோன்றினால் ஏழு என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். ஹெல்பரிடம் நோட்டைக் கொடுத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லி, நீங்கள் அந்த டெர்மினலைத் தொட்டு "போட்டாச்சு" என்று சொன்ன பிறகு அவர் டிக் அடிக்கட்டும். போட்ட எர்த் எத்தனை, எடுத்த எர்த் எத்தனை என்பதும் அதே நோட்டில். எண்ணிக்கை பொருந்தாமல் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

பேனலுக்குக் கரண்ட் கொடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். மெஷின்கள் ஓட ஆரம்பித்து லோடு ஏறும்வரை இருந்து, ரிலே டிஸ்பிளேயில் மூன்று பேஸ் கரண்ட்டையும் பக்கத்து மீட்டரோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக, நியூட்ரல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு பேஸில் பூஜ்யமோ மிகக் குறைவோ காட்டினால் ஷார்ட் எடுக்கப்படவில்லை அல்லது வயர் எங்கோ விட்டிருக்கிறது, பேனலைத் தொடாமல் மறுபடி ஷட்டவுன் கேளுங்கள். திண்டுக்கல்லில் நான் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்திருந்தால் அந்த லிங்க் அன்று இரவே தெரிந்திருக்கும். ஞாயிறு இரவு வெறும் விளக்கு லோடுதான் என்றால் ரீடிங் சின்னதாக இருக்கும், அதில் எதையும் முடிவு செய்ய முடியாது. திங்கள் காலை முதல் ஷிப்ட் முழுதாக ஓடும்போது ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு, அந்த ரீடிங்கை எழுதிய பிறகு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுங்கள்.