ஏற்றத்தில் தெரியும் பல் கணக்கு

கே: என் ரோடு பைக் சைக்கிளில் முன்னால் இரண்டு வளையம், 50 பல்லும் 34 பல்லும் (50/34); பின்னால் 11 முதல் 28 பல் வரை (11-28). ஏற்காடு ஏறுவதற்குள் முட்டி கழன்றுவிடுகிறது. கிராங்கை (மிதியோடு சேர்ந்த முன் வளையங்கள்) மாற்றலாமா, கேசட்டையா (பின் சக்கரத்துப் பல் அடுக்கு)? (சேலம்)

ப: கேசட்டை. இப்போது உங்கள் மிக லேசான கியரில் (முன்னால் 34, பின்னால் 28) மிதி ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 2.5 மீட்டர் போகும். பின்னால் 34 பல் போட்டால் 2.1 மீட்டர்தான். கால் அந்த வித்தியாசத்தை முதல் வளைவிலேயே சொல்லிவிடும். ஆனால் பின்னால் கியர் மாற்றும் ஆர்.டி.யின் உள்பக்கம் இருக்கும் எழுத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஷிமானோ 105 ஆர்7000 மாடல் என்றால் எஸ்எஸ் என்று எழுதிய குட்டைக் கை 30 பல் வரைதான், ஜிஎஸ் என்று எழுதிய நீளக் கை 34 வரை தாங்கும். செயினும் பழைய நீளம் போதாது, புதிதாகப் போடுங்கள்.

கே: தள்ளுபடியில் 11 ஸ்பீடு (11 பல்சக்கரம் உள்ள) கேசட் வாங்கிவிட்டேன். என் பைக் 8 ஸ்பீடு. ஏதாவது பண்ண முடியுமா? (மதுரை)

ப: விற்றுவிடுங்கள். எட்டு வரை எண்ணிவிட்டு வாங்கியிருக்கலாம்.

கே: செகண்ட் ஹேண்டில் 53/39 கிராங்க் உள்ள பைக் வாங்கினேன். 39-ஐக் கழற்றி 34 போடலாமா? (கோவை)

ப: அடுத்தடுத்த இரண்டு போல்ட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பாருங்கள். ஐந்து போல்ட் கிராங்கில் 76 மி.மீ. வந்தால் போல்ட்கள் உட்காரும் வட்டத்தின் விட்டம் 130 மி.மீ., அதில் 38-க்குக் கீழே வளையம் உட்காராது. 65-க்குப் பக்கம் வந்தால் 110, 34 தாராளமாகச் சேரும். எனக்கும் ஒரு கடைக்காரர், 'எல்லாத்துக்கும் சேரும் சார்' என்று 34 வளையத்தைத் தலையில் கட்டினார், ஒரு ஓட்டைகூட நேருக்கு நேர் வரவில்லை, காசையும் திருப்பித் தரவில்லை.

எனக்கு எரிச்சல் இந்த 'புரோ கியர்' பேச்சில்தான். 53-11 கியரை (முன்னால் 53, பின்னால் 11) நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 54 கிலோமீட்டர் வேகம், ஈசிஆரில் காலை இட்லிக்கு ஓட்டுகிறவருக்கு அது எதற்கு? டூர் டி பிரான்ஸ் ஓட்டுகிறவர்களே இப்போது மலை நாளில் பின்னால் 30 பல்லுக்கு மேல் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள், இங்கே 39-25-ஐ வைத்து முதல் தடவை மலை ஏற வருகிறவரிடம் 'பழகினா சரியாயிடும்' என்று விற்கிறார்கள். முட்டி போனபின் கடைக்காரரா வந்து பார்ப்பார்? வாங்கும்முன் முன்னால் உள்ள சின்ன வளையத்தைப் பின்னால் உள்ள பெரிய பல்லால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்குப் பக்கம் வந்தால் மலைக்கு ஆகும், ஒன்றரை என்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

கே: விளம்பரப் பக்கத்தில் 11-34 என்று இருந்தது, வந்த பைக்கில் 11-28. கேட்டால், 'ரெண்டும் ஒண்ணுதான்' என்கிறார்கள். (திருச்சி)

ப: ஒன்றில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். விளம்பரப் பக்கத்தை அவர்கள் திருத்துவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெரிய பல்லில் 28 என்று பொறித்திருப்பதையும் படம் பிடித்து, மின்னஞ்சலில் மாற்றித் தரக் கேளுங்கள், போனில் பேசவே பேசாதீர்கள். அதுவரை வண்டியை ஓட்டவும் வேண்டாம். மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. விடாதீர்கள்.

கே: 11-34 போட்டால் வேகம் குறையுமா? (சென்னை)

ப: குறையாது. வேகம் தருகிற 11 பல் அங்கேயேதான் இருக்கிறது. நடுவில் பல்லுக்குப் பல் இடைவெளி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.